ஏற்ற இறக்கங்களின் கணக்கு: வரம்புள்ள மாறலும் அதன் விரிவுகளும்

ஒரு சார்பு ஓர் இடைவெளியில் மொத்தம் எவ்வளவு ஏறி, எவ்வளவு இறங்குகிறது என்பதைக் கூட்டிச் சொல்லும் எண்ணுக்கு மொத்த மாறல் என்று பெயர். அந்த எண் முடிவுள்ளதாக இருந்தால், சார்பு வரம்புள்ள மாறல் கொண்டது. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் முதுகலைக் கணிதம் படிப்பவர்கள் டாம் அப்போஸ்டலின் பாடநூல் வழியாக இந்தக் கருத்தைத் தெரிந்துகொள்கிறார்கள். பாடநூல் அடிப்படையைச் சொல்லி நின்றுவிடும். ஆனால் மாறலை எப்படி அளப்பது என்ற கேள்வி அதற்குப் பிறகும் நூறாண்டுக்கு மேல் தொடர்ந்திருக்கிறது. பழைய அளவை கைவிட்ட இடத்தில் புதிய அளவை ஒன்று பிறந்தது. அவற்றுள் ஒன்று, தன் வேலைக்கு இதைவிடப் பெரிய எல்லை கிடையாது என்று நிரூபிக்கும் அளவுக்குத் துல்லியமாக அமைந்தது.

அடிப்படைக் கருத்துக்கு ஓர் ஆற்றின் நீர்மட்டம் போதும். கோதையாறும் பரளியாறும் மூவாற்றுமுகத்தில் சேர்ந்து, குழித்துறை வழியாகத் தேங்காப்பட்டணத்தில் கடலை அடைகிறது மேற்குத் தாமிரபரணி. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் அந்த ஆற்றுக்கு உண்டு. மேலே பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளில் தண்ணீர் திறந்துவிட்டால் குழித்துறையில் சப்பாத்துப் பாலம் மூழ்கும். இரண்டொரு நாளில் மீண்டும் வெளியே தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீர்மட்டம் 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். செவ்வாயன்று அது 5 மீட்டராக ஏறுகிறது, புதனன்று 3க்கு இறங்குகிறது, வெள்ளியன்று 4, அடுத்த ஞாயிறு மறுபடி 2. தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் பார்த்தால் மாற்றம் எதுவும் இல்லை. ஆனால் ஆறு 3 மீட்டர் ஏறி, 2 மீட்டர் இறங்கி, 1 மீட்டர் ஏறி, 2 மீட்டர் இறங்கியிருக்கிறது. இவற்றின் கூட்டுத்தொகையான 8 மீட்டர்தான் அந்த வாரத்தின் மொத்த மாறல்.

இந்தக் கணக்கில் ஒரு நுட்பம் இருக்கிறது. நாளுக்கு ஒருமுறை அளந்தால் இடையில் நடந்த சிறு ஏற்ற இறக்கங்கள் விடுபடும். மணிக்கொருமுறை அளந்தால் அவையும் சேரும். நிமிடத்துக்கொருமுறை அளந்தால் இன்னும் சில சேரும். அளவைப் புள்ளிகளைக் கூட்டக் கூட்டத் தொகை ஏறுமே தவிரக் குறையாது. நேராக 3 மீட்டர் ஏறியதை 1, 1, 1 என்று பிரித்தாலும் கூட்டினால் 3தான்; நடுவில் இறக்கம் இருந்தால் தொகை கூடும். ஆகவே எல்லா வகைப் பிரிவினைகளையும் எடுத்து, அவை தரும் தொகைகளின் மீச்சிறு மேல்வரம்பை மொத்த மாறல் என்று வரையறுக்கிறார்கள்.

வரையறை பிரெஞ்சுக் கணிதவியலாளர் கமீல் ஜோர்தானுடையது, ஆண்டு 1881. அவர் விடை தேடிய கேள்வி ஃபூரியர் தொடர் பற்றியது. எந்தச் சீரலையையும் சைன், கோசைன் அலைகளின் கூட்டாக எழுதலாம் என்றார் ஃபூரியர். அந்தக் கூட்டு உண்மையிலேயே மூலச் சார்புக்கு வந்து சேருமா என்பதுதான் 19ஆம் நூற்றாண்டின் பெரிய கேள்வி. 1829இல் டிரிஷ்லே ஒரு பாதுகாப்பான வகையைக் காட்டினார்: சார்பின் மேடுகளும் பள்ளங்களும் எண்ணிக்கையில் முடிவுள்ளவையாக இருந்தால் தொடர் ஒருங்கும். ஜோர்தான் அந்த நிரூபணத்தை ஆராய்ந்து, மேடு பள்ளங்களின் எண்ணிக்கை முடிவற்றதாக இருந்தாலும் தவறில்லை, அவற்றின் உயரங்களைக் கூட்டினால் முடிவுள்ள எண் வந்தால் போதும் என்று கண்டார்.

அவர் அங்கே பயன்படுத்திய உத்தி எளிமையானது, ஆழமும் உள்ளது. ஏற்றங்களை ஒரு கணக்கிலும் இறக்கங்களை மற்றொரு கணக்கிலும் எழுதலாம். இரண்டு கணக்குகளும் நாளாக ஆகக் கூடிக்கொண்டே போகும். இரண்டாவதை முதலாவதிலிருந்து கழித்தால், தொடக்க மட்டத்தோடு சேர்த்து, ஆற்றின் நீர்மட்டம் கிடைத்துவிடும். அதாவது வரம்புள்ள மாறல் கொண்ட எந்தச் சார்பும் இரண்டு ஏறுமுகச் சார்புகளின் வித்தியாசம். ஏறுமுகச் சார்புகளைப் பற்றித் தெரிந்ததெல்லாம் இந்தப் பெரிய வகைக்கும் உடனே வந்து சேர்கிறது. இவ்வகைச் சார்புகளில் தொடர்ச்சி அறுபடும் இடங்கள் வெறும் தாவல்களே. அவற்றை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி வரிசைப்படுத்தலாம். ஏறத்தாழ எல்லாப் புள்ளிகளிலும் வகைக்கெழு உண்டு. இதைத் தொடர்ச்சியான சார்புகளுக்கு 1904இல் காட்டியவர் லெபேக். 1911இல் அந்தத் தொடர்ச்சி நிபந்தனையை நீக்கியவர்கள் வில்லியம் ஹென்றி யங், கிரேஸ் சிஸம் யங் தம்பதியர். வில்லியம் யங் 1913 முதல் 1917 வரை கல்கத்தா பல்கலைக்கழகத்தின் முதல் ஹார்டிஞ்ச் கணிதப் பேராசிரியராக இருந்தவர். இந்தக் குடும்பத்தின் பெயர் கட்டுரையில் மறுபடியும் வரும்.

வளைவரைகளின் நீளத்துக்கும் இதுவே அடிப்படை. ஒரு வளைவரைக்கு முடிவுள்ள நீளம் இருக்க வேண்டுமானால், அதன் ஒவ்வோர் ஆயத்தொலைவும் வரம்புள்ள மாறல் கொண்டதாக இருக்க வேண்டும், இருந்தால் போதும். 1909இல் ஃப்ரிகியஸ் ரீஸ் காட்டிய முடிவு இன்னும் பெரியது. தொடர்ச்சியான சார்புகளுக்கு எண்களைத் தரும் நேரியல் அளவீடுகள் எத்தனையோ உண்டு. அவற்றில் தொடர்ச்சியான எதை எடுத்தாலும், அது வரம்புள்ள மாறல் கொண்ட ஏதோ ஒரு சார்பின் மாற்றத்தைப் பொறுத்துத் தொகையிடும் ஸ்டில்ட்ஜஸ் தொகையீடாகவே இருக்கும். ஃபூரியர் தொடருக்காகச் செய்த ஒரு வரையறை, முப்பதாண்டுக்குள் தொகையீட்டுக் கோட்பாட்டின் அடித்தளத்திலேயே வந்து உட்கார்ந்துவிட்டது.

ஆனால் இந்த அளவை எளிதில் கைவிடவும் செய்யும். பூச்சியத்திலிருந்து உள்ள தூரத்தை த என்று கொண்டு, த × சைன்(1/த) என்ற சார்பைப் பார்க்கலாம். பூச்சியத்தை நெருங்க நெருங்க அது விரைந்து விரைந்து அலைகிறது. அலைகளின் உயரமோ சுருங்கிக்கொண்டே போகிறது. பூச்சியத்தில் மதிப்பைப் பூச்சியம் என்று வைத்தால் சார்பு முழுதும் தொடர்ச்சியானது. அடுத்தடுத்த அலைகளின் உயரங்கள் ஏறத்தாழ 1, 1/2, 1/3, 1/4 என்ற விகிதத்தில் குறைகின்றன. இவற்றைக் கூட்டினால் வருவது இசைத் தொடர். முதல் ஆயிரம் உறுப்புகளின் கூட்டு சுமார் 7.5, முதல் பத்து லட்சத்தின் கூட்டு சுமார் 14.4. மெதுவாகத்தான் ஏறுகிறது, ஆனால் எந்த எல்லையிலும் நிற்பதில்லை. மொத்த மாறல் முடிவிலி. இவ்வளவு அடக்கமான சார்பையும், வயர்ஸ்ட்ராஸ் 1872இல் காட்டிய, எந்தப் புள்ளியிலும் வகைக்கெழு இல்லாத முரட்டுச் சார்பையும் ஜோர்தானின் அளவை ஒரே முடிவிலியில் போட்டுவிடுகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அதனால் பார்க்க முடியவில்லை. பொதுமைப்படுத்தப்பட்ட மாறல்கள் தேவைப்பட்டது இந்த இடத்தில்தான்.

முதல் வழியை 1924இல் நார்பர்ட் வீனர் திறந்தார். ஏற்ற இறக்கங்களை அப்படியே கூட்டாமல், ஒவ்வொன்றின் வர்க்கத்தையும் கூட்டினார். சிறிய எண்ணை வர்க்கப்படுத்தினால் அது இன்னும் சிறியதாகிறது: நூறில் ஒரு பங்கு பத்தாயிரத்தில் ஒரு பங்காகும். பெரிய ஏற்ற இறக்கங்கள் கணக்கில் நிற்கும். எண்ணற்ற சிறு நடுக்கங்கள் அடங்கிவிடும். மேலே சொன்ன சார்பில் 1, 1/4, 1/9, 1/16 என்று கூட்டினால் தொகை 1.645ஐத் தாண்டாது. வர்க்கத்துக்குப் பதிலாக 1க்கு மேற்பட்ட எந்த அடுக்கையும் வைக்கலாம். அந்த அடுக்கை ப என்று குறித்தால், ப அடுக்கு மாறல் முடிவுள்ளதாக உள்ள சார்புகளின் வகை கிடைக்கிறது. அடுக்கைக் கூட்டக் கூட்ட வகை விரியும்.

பழைய கணக்கில் இருந்த ஒரு வசதி இங்கே போய்விடுகிறது. நேராக 1 மீட்டர் ஏறியதை ஒரே படியாக எடுத்தால் வர்க்கம் 1. அதையே பத்துச் சம படிகளாகப் பிரித்தால், ஒவ்வொன்றின் வர்க்கமும் 0.01, பத்தும் சேர்ந்து 0.1. நுணுக்கமாக அளந்தால் தொகை கூடும் என்ற விதி வர்க்கக் கணக்கில் செல்லாது. அதனால் இரண்டு வேறு கேள்விகள் எழுகின்றன. எல்லாப் பிரிவினைகளிலும் மிகப் பெரிய தொகை எது என்பது ஒன்று. பிரிவினையை மேலும் மேலும் நுணுக்கினால் தொகை எதை நெருங்கும் என்பது மற்றொன்று. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்கள் வழக்கமாகத் தடுமாறும் இடம். பிரௌனியன் இயக்கத்தில் இரண்டுக்கும் விடைகள் வேறு வேறாகவே வருகின்றன.

கல்கத்தாவில் பணியாற்றிய யங்கின் மகன் லாரன்ஸ் சிஸம் யங், 1936இல் வீனரின் அளவையை ஒரு தொகையீட்டுக் கேள்விக்குக் கொண்டுவந்தார். ஒரு சார்பை மற்றொரு சார்பின் மாற்றத்தைப் பொறுத்துத் தொகையிடுவதுதான் ஸ்டில்ட்ஜஸ் தொகையீடு. இரண்டாவது சார்பு வரம்புள்ள மாறல் கொண்டதாக இருந்தால் சிக்கல் இல்லை. இல்லாவிட்டால்? முதலாவதுக்கு ப அடுக்கு மாறலும் இரண்டாவதுக்கு ம அடுக்கு மாறலும் முடிவுள்ளவையாக இருந்து, இரண்டும் ஒரே புள்ளியில் அறுபடாமல் இருந்தால், 1/ப + 1/ம என்ற கூட்டு 1ஐ விடப் பெரியதாக இருக்கும்போது தொகையீடு உண்டு என்று யங் காட்டினார். ஒன்று மிக முரடாக இருந்தாலும் மற்றொன்று அதை ஈடுகட்டும் அளவுக்கு மென்மையாக இருந்தால் போதும் என்பதே இதன் பொருள். இரண்டின் அடுக்கும் 1.9 என்றால் கூட்டு 1.05, தொகையீடு உண்டு. இரண்டும் 2 என்றால் கூட்டு சரியாக 1. அங்கே தேற்றம் நின்றுவிடுகிறது.

அந்த 2 என்ற எண் தற்செயலானது அல்ல. நீரில் மிதக்கும் மகரந்தத் துகளின் நடுக்கத்தைப் பின்பற்றி வரையறுத்த பிரௌனியன் இயக்கத்துக்கு உறுதியான கணித வடிவத்தை 1923இல் கொடுத்தவரும் வீனர்தான். அந்த இயக்கத்தின் பாதை தொடர்ச்சியானது. ஆனால் எவ்வளவு சிறிய நேரத்திலும் அதன் மொத்த மாறல் முடிவிலி. அடுக்கு 2ஐ விடச் சற்றே கூடினாலும் மாறல் முடிவுள்ளதாகிறது. சரியாக 2 என்றால், எல்லாப் பிரிவினைகளின் மேல்வரம்பு முடிவிலி. ஆனால் நேரத்தை இரண்டு, நான்கு, எட்டு என்று பாதிபாதியாக நுணுக்கிக்கொண்டே போனால், வர்க்கங்களின் கூட்டு கடந்த நேரத்தின் அளவையே நெருங்குகிறது. 1940இல் பால் லெவி இதைக் காட்டினார். பாதை எப்படி எப்படியோ அலைந்தாலும், அதன் வர்க்க மாறல் கடிகாரம்போல் சீராக நகர்கிறது. நிகழ்தகவுக் கோட்பாட்டில் இவ்வளவு எதிர்பாராத ஒழுங்கைக் காட்டும் முடிவுகள் குறைவு.

யங்கின் தேற்றம் பிரௌனியன் பாதைக்கு எட்டாததால், வேறு வகைத் தொகையீடு தேவைப்பட்டது. அதை 1944இல் கியோசி இட்டோ உருவாக்கினார். வர்க்க மாறல் அதன் உயிர்நாடி. இந்தக் கணிதம் இந்தியாவில் வேரூன்றிய இடம் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனம். வீனர் 1955–56இல் அங்கே வந்து தங்கியிருந்தார். சென்னையில் பிறந்து மாநிலக் கல்லூரியில் படித்த எஸ். ஆர். சீனிவாச வரதன் அங்கேதான் 1963இல் முனைவர் பட்டம் பெற்றார். அவரும் டேனியல் ஸ்ட்ரூக்கும் பரவல் இயக்கங்களை ஆராய்ந்த முறை, இத்துறையில் இன்று எல்லாரும் பின்பற்றும் வழிகளில் ஒன்று. 2007இல் வரதனுக்கு ஏபெல் பரிசு கிடைத்தது. சென்னையில் பிறந்த கே. ஆர். பார்த்தசாரதியும் அதே நிறுவனத்தில் பயின்றவர். 1984இல் ராபின் ஹட்சனுடன் சேர்ந்து இட்டோவின் நுண்கணிதத்தைக் குவாண்டம் இயற்பியலின் உலகுக்குக் கொண்டுசென்றார்.

பங்குச் சந்தையில் ஒரு பங்கின் விலை எவ்வளவு நிலையற்றது என்று கணிப்பவர்கள், ஐந்து நிமிடத்துக்கொருமுறை விலையின் மடக்கை எவ்வளவு மாறியது என்று பார்த்து, அந்த மாற்றங்களின் வர்க்கங்களைக் கூட்டுகிறார்கள். அதுவும் வர்க்க மாறலே. அடுக்கு 2ஐத் தாண்டிய முரட்டுப் பாதைகளையும் தொகையிட 1998இல் டெரி லயன்ஸ் வழி சொன்னார். பாதையோடு, அது அடைத்துச் செல்லும் பரப்பு பற்றிய கூடுதல் தகவலையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் தொகையீடு மீண்டும் உறுதியான பொருள் பெறுகிறது.

அடுக்கு என்பதையே தளர்த்திய வழியும் உண்டு. ஏற்றங்களை வர்க்கப்படுத்துவதற்குப் பதிலாக, பொருத்தமான குவிவுச் சார்பு ஒன்றில் செலுத்திக் கூட்டலாம். 1937இல் லாரன்ஸ் யங் தொடங்கிய இதை 1959இல் போலந்தின் யூலியன் முஸியேலக்கும் விளாதிஸ்லாவ் ஓர்லிச்சும் முறையாக வளர்த்தார்கள். பிரௌனியன் பாதைக்குச் சரியாகப் பொருந்தும் அளவை எது என்பதை இந்த வகையில் தேடி, 1972இல் எஸ். ஜே. டெய்லர் கண்டுபிடித்தார்; அது வர்க்கத்தை மடக்கையின் மடக்கையால் வகுத்த ஒன்று.

அதே 1972இல் சிராகியூஸ் பல்கலைக்கழகத்தின் டேனியல் வாட்டர்மன் வேறொரு பக்கம் திரும்பினார். ஏற்ற இறக்கங்களின் மதிப்பை அவர் மாற்றவில்லை; எடையை மாற்றினார். இடைவெளிக்குள் ஒன்றன்மேல் ஒன்று படாத துண்டுகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டிலும் சார்பு எவ்வளவு மாறியது என்று பார்க்க வேண்டும். பிறகு முதல் மாற்றத்தை ஓர் எண்ணால், இரண்டாவதை அதற்குக் குறையாத மற்றோர் எண்ணால், மூன்றாவதை அடுத்த எண்ணால் வகுத்துக் கூட்ட வேண்டும். துண்டுகளை எந்த வரிசையிலும் எடுக்கலாம். மிகப் பெரிய மாற்றத்தை முதலில் வைத்தால் தொகை மிகப் பெரியதாக வரும். வகுக்கும் எண்களுக்கு ஒரு நிபந்தனை உண்டு. அவற்றின் தலைகீழிகளைக் கூட்டினால் முடிவிலி வர வேண்டும். இல்லாவிட்டால் வரம்புக்குள் அடங்கிய எல்லாச் சார்பும் தேர்ச்சி பெற்று, வகைக்கே பொருள் இல்லாமல் போகும். வகுக்கும் எண்கள் எல்லாம் 1 என்றால் ஜோர்தானின் மாறல் திரும்பி வருகிறது. 1, 2, 3, 4 என்று வைத்தால் கிடைப்பது இசை மாறல்.

ஏன் 1, 2, 3, 4? காரணம் ஃபூரியர் தொடரின் உள்ளேயே இருக்கிறது. தொடரின் முதல் சில உறுப்புகளைக் கூட்டி ஒரு புள்ளியில் மதிப்புப் பார்ப்பது, அந்தப் புள்ளியைச் சுற்றியுள்ள சார்பு மதிப்புகளுக்கு ஒருவித எடையிட்ட சராசரி எடுப்பதற்குச் சமம். எடையைத் தருவது டிரிஷ்லே உட்கரு என்ற அலைவுச் சார்பு. புள்ளியிலிருந்து விலக விலக அது நேர்க்குறி, எதிர்க்குறி என்று மாறி மாறி மடல்களாக அலைகிறது. மடல்களின் பரப்பு ஏறத்தாழ 1, 1/2, 1/3, 1/4 என்று குறைகிறது. அடுத்தடுத்த இரண்டு மடல்களைச் சேர்த்துப் பார்த்தால், குறிகள் எதிரெதிர் என்பதால், மிஞ்சுவது அந்த இரு மடல்களுக்கு இடையே சார்பு எவ்வளவு மாறியது என்பது மட்டுமே. அதுவும் மடலின் பரப்பால் சுருங்கி. ஆகவே ஒருங்குதலைக் கெடுக்கக்கூடிய பிழை, மாற்றங்களை 1, 2, 3 என்று வகுத்துக் கூட்டிய தொகைக்குள் அடங்குகிறது. வாட்டர்மன் தன் எடைகளை வெளியிலிருந்து கொண்டுவரவில்லை. ஃபூரியர் தொடர் தானே பயன்படுத்தும் எடைகளை அளவையாக்கினார்.

அவருடைய தேற்றத்தின் முதல் பாதி இது: இசை மாறல் முடிவுள்ளதாக இருந்தால் ஃபூரியர் தொடர் எல்லாப் புள்ளிகளிலும் ஒருங்கும். தாவல் உள்ள இடத்தில் தாவலின் இரு கரைகளுக்கு நடு மதிப்பை அடையும். சார்பு தொடர்ச்சியாக உள்ள மூடிய இடைவெளிகளில் சீராக ஒருங்கும். இரண்டாம் பாதிதான் மகுடம். இசை மாறல் வகையை முழுதும் உள்ளடக்கி, அதைவிடப் பெரிதாக உள்ள இதே பாணி வகை எதை எடுத்தாலும், ஏதோ ஒரு புள்ளியில் ஃபூரியர் தொடர் சிதறிப்போகும் தொடர்ச்சியான சார்பு ஒன்று அதில் இருந்தே தீரும். தொடர்ச்சி மட்டும் போதாது என்பதை டு புவா ரேமோன் 1870களிலேயே காட்டியிருந்தார். தொடர்ச்சியோடு வேறு எவ்வளவு வேண்டும் என்பதற்கு, எடையிட்ட மாறல்களின் மொழியில், வாட்டர்மன் கோடு போட்டே காட்டிவிட்டார்.

வீனரின் அடுக்கு மாறல்கள் எல்லாமே இந்தக் கோட்டுக்கு உள்ளே வருகின்றன என்பதையும் கவனிக்க வேண்டும். அடுக்கு எவ்வளவு பெரியதானாலும் சரி. ஆனால் இதன் மறுதலை உண்மையல்ல. அலைகளின் உயரம் எண்ணின் மடக்கை வர்க்கத்துக்குத் தலைகீழியாகக் குறையும் சார்பு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அதில் பத்து லட்சமாவது அலைகூட ஏறத்தாழ 191இல் ஒரு பங்கு உயரம் இருக்கும். அவ்வளவு மெதுவான தேய்வு. 2ஆம் அடுக்கு, 10ஆம் அடுக்கு, 100ஆம் அடுக்கு என்று எதை எடுத்தாலும் அதன் மாறல் முடிவிலி. ஆனால் 1, 2, 3 என்று வகுத்துக் கூட்டினால் தொகை முடிவுள்ளது. அதன் ஃபூரியர் தொடர் எங்கும் ஒருங்குகிறது. வீனரின் கருவிகள் அனைத்தும் கைவிட்ட சார்பை இசை மாறல் எடுத்துக்கொள்கிறது.

ஃபூரியர் கெழுக்கள் எவ்வளவு விரைவில் தேய்கின்றன என்பதிலும் மாறலின் கைரேகை உண்டு. சாதாரண வரம்புள்ள மாறல் என்றால் ஆயிரமாவது கெழு, ஒரு மாறிலியைத் தவிர்த்துப் பார்த்தால், ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாது. வர்க்க மாறல் என்றால் அதன் வர்க்கமூலம், அதாவது சுமார் 32இல் ஒரு பங்கு. எடையிட்ட மாறல் என்றால் வகுக்கும் எண்களின் தலைகீழிகளை ஆயிரம் வரை கூட்டி, அந்தத் தொகையால் 1ஐ வகுக்க வேண்டும். 1982இல் மைக்கேல் ஷ்ராமும் வாட்டர்மனும் இதை நிறுவினார்கள். இந்த மதிப்பீடுகளை, உறுப்புகள் பல விடுபட்ட ஃபூரியர் தொடர்களுக்கு விரித்த ஆய்வுகள் பரோடாவின் மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் நடந்திருக்கின்றன. அடுக்கையும் எடையையும் ஒன்றாக இணைத்த ஷிபாவின் வகை 1980இல் வந்தது. அதற்கு முன்பே, 1974இல், ஜார்ஜியாவின் சாந்தூரியா வேறுவிதமாகக் கேட்டார்: சரியாகப் பத்துத் துண்டுகளுக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் அதிகபட்ச மாறல் எவ்வளவு, நூறு துண்டுகளுக்கு எவ்வளவு? துண்டுகளின் எண்ணிக்கையோடு அது வளரும் வேகமே சார்பின் முரட்டுத்தனத்தைச் சொல்லிவிடுகிறது.

ஒரு மாறியிலிருந்து இரண்டுக்குப் போனால் வரையறை பல கிளைகளாகப் பிரிகிறது. தளத்தில் ஏறுவது, இறங்குவது என்பதற்கு ஒரே திசை இல்லை. வீட்டாலி, ஹார்டி, டோனெல்லி என்று ஒவ்வொருவரும் தத்தம் தேவைக்கேற்ப வரையறுத்தார்கள். ராமானுஜத்தின் வழியாகத் தமிழர்கள் நன்கறிந்த அதே ஜி. எச். ஹார்டிதான் இவர்; இரட்டை ஃபூரியர் தொடர்களுக்காக அவருக்கு இந்தக் கருத்து தேவைப்பட்டது. 1933இல் கிளார்க்சனும் ஆடம்ஸும் இந்த வரையறைகளையெல்லாம் எதிரெதிரே வைத்து, எது எதற்குள் அடங்கும் என்று ஒழுங்குபடுத்த வேண்டியிருந்தது. இத்தாலியில் டோனெல்லி தொடங்கி, 1936இல் சேசரி திருத்தி, 1950களில் எனியோ டி ஜார்ஜி பயன்படுத்திய வரையறை வடிவியலுக்குள் நுழைந்தது. ஒரு நிலப்பகுதிக்குள் 1, வெளியே 0 என்று மதிப்புத் தரும் சார்பின் மொத்த மாறல், அந்தப் பகுதியின் எல்லைக்கோட்டின் நீளமே என்பது அதன் அழகான விளைவு.

இதே வரையறை 1992இல் படச் செயலாக்கத்துக்கு வந்தது. லியோனிட் ருடின், ஸ்டான்லி ஓஷர், எமாத் ஃபதேமி மூவரும், புள்ளிப்புள்ளியாக மாசு படிந்த ஒரு படத்தைத் துலக்க, கையில் உள்ள அந்தப் படத்துக்கு அருகில் இருந்துகொண்டே மொத்த மாறலைக் குறைக்கச் சொன்னார்கள். மாசு என்பது எண்ணற்ற சிறு நடுக்கம். மாறல் கணக்கில் அதற்குச் செலவு அதிகம், ஆகவே அது முதலில் போய்விடுகிறது. ஆனால் உருவங்களின் விளிம்பு தங்கிவிடுகிறது. கருப்பிலிருந்து வெள்ளைக்கு ஒரே தாவலில் போனாலும், பத்துப் படிகளில் மெதுவாகப் போனாலும் மொத்த மாறல் ஒன்றுதான். அதனால் கூர்மையான விளிம்புக்கு இந்த முறை தண்டனை விதிப்பதில்லை. சரிவின் வர்க்கத்தைக் குறைக்கும் பழைய முறையில் தாவலின் செலவு கட்டுக்கடங்காமல் ஏறிவிடும். விளிம்புகள் மங்கிக் கலங்கும். காந்த ஒத்ததிர்வு ஸ்கேன் படங்களைக் குறைந்த அளவீடுகளிலிருந்து மீட்பதிலும் மொத்த மாறல் பயன்பட்டுவருகிறது. 2019 ஏப்ரலில் உலகம் பார்த்த முதல் கருந்துளைப் படத்தை உருவாக்கிய கணினி முறைகள் சிலவற்றிலும் அது இடம்பெற்றது.

பல மாறிகளில் வாட்டர்மனின் கேள்வி மட்டும் எளிதில் பிடிபடவில்லை. இரண்டு மாறிகளுக்கு உரிய இசை மாறலை வரையறுத்து, அது முடிவுள்ளதாக இருந்தால் இரட்டை ஃபூரியர் தொடர் ஒருங்கும் என்று 1986இல் ஆர்மீனியாவின் சாஹக்யான் நிறுவினார். மூன்று மாறிகளுக்கும் அப்படியே நீளும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் நீளவில்லை. மூன்று மாறிகளிலிருந்து மேலே, இசை மாறல் முடிவுள்ளதாக இருந்தும் தொடர் ஒருங்காத சார்புகள் உண்டு என்று 2002இல் ரஷ்யாவின் பக்வாலோவ் காட்டினார். அங்கே இசை மாறலோடு இன்னொரு நிபந்தனையும் சேர வேண்டும்: வகுக்கும் எண்களில் தொடக்கத்தில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக விட்டுவிட்டு, பின்னால் உள்ளவற்றை மட்டும் கொண்டு மாறலைக் கணக்கிட்டுக்கொண்டே போனால், அந்தத் தொகை பூச்சியத்தை நெருங்க வேண்டும். ஒரு மாறியில் ஃபூரியர் தொடர் ஒருங்குவதற்கு இசை மாறல் மட்டுமே போதும். மூன்று மாறிகளில் இந்த நிபந்தனையும் நிறைவேறினால்தான் ஒருங்குதல் உறுதியாகிறது.